பிரேக்கில் வேண்டாம் கஞ்சத்தனம்!

கார் வைத்திருப்பவர்கள் சிலர் வீட்டு வாசலிலேயே வேலை பார்த்துக்கொள்கிறார்கள். ஆயில் மாற்றுகிறார்கள். பேட்டரி மாற்றுகிறார்கள். நல்லதுதான். தன் வண்டியைத் தானே தெரிந்துகொள்வதில் என்ன தவறு?

ஆனால் பின்சக்கர பிரேக்கின் பிஸ்டனை மாற்றப் புறப்படுகிறவர் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

வாழப்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஊரை ஒட்டிப் போவது சேலம்-உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலை. லாரிகளுக்கு ஓய்வே கிடையாது. சேலத்திலிருந்து ஏற்காடு போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கோ 70! அந்த இறக்கத்தில் குடும்பத்தைக் காப்பது கீழ் கியரும் பிரேக்கும்தான்.

பல சிறிய கார்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான் இருக்கும். அவர்களுக்கு இந்தப் பேச்சு இல்லை. டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்குத்தான் காலிப்பர்.

இடுக்கி போல...

காலிப்பர் ஓர் இடுக்கி. பெடலை மிதித்தால் பிரேக் ஆயில் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் பேடைத் தள்ளும். பேட், சுழலும் தட்டைக் கவ்வும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சிறிது பின்னுக்கு இழுப்பது, அதைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம்.

வெளியே தூசி மறைக்கும் ரப்பர் ஒன்று உண்டு. அது கிழிந்தால் மழைத்தண்ணீர் புகுந்துவிடும். பிஸ்டன் துருப்பிடிக்கும். முன்னே போனது பின்னே வராது. சக்கரம் கொதிக்கும். பேட் தேயும். பெட்ரோலும் வீண்!

அப்போது சிலர் உப்புத்தாளை எடுக்கிறார்கள். துருவைத் தேய்த்துவிட்டுப் பழைய பிஸ்டனையே மாட்டுகிறார்கள். மேல்பூச்சு போன பிஸ்டன் மறுபடி துருப்பிடிக்காதா? குழி விழுந்த பிஸ்டன் புது ரப்பரையும் கெடுத்துவிடும். இது சிக்கனம் அல்ல, கஞ்சத்தனம். பிஸ்டன் ஓடும் குழாயிலும் குழி விழுந்திருந்தால் காலிப்பரையே மாற்றத்தான் வேண்டும்.

இன்னொரு சங்கதி. பல வண்டிகளில் கை பிரேக்கும் பின் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பிஸ்டனைச் சுழற்றிக்கொண்டே உள்ளே செலுத்த வேண்டும். முன்சக்கரத்தில் செய்வதுபோல் வெறுமனே அழுத்தினால் உள்ளே இருக்கும் திருகு கெட்டுவிடும். பொத்தானை அமுக்கும் மின்சாரக் கை பிரேக் என்றால், முதலில் அதை ரிப்பேர் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வழி தெரியாதவர் தொடவே கூடாது.

காற்றடித்துப் பிஸ்டனை வெளியே எடுக்கும்போது எதிரே மரக்கட்டை இருக்கட்டும். விரல் இருந்தால் நசுங்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போவது அதைவிட ஆபத்து.

ஆயிலும் ஈரமும்

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். மலை இறக்கத்தில் ஆயில் ஆவியானால் பெடல் பஞ்சுபோல் இறங்கும், வண்டி நிற்காது! திறந்து வைத்த பழைய டப்பாவை எடுத்து ஊற்றுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும். என்ஜின் ஆயிலை ஊற்றுவதோ பெரும் தவறு. ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

கடைசியில் காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும். மனைவி பெடலை மிதிக்க, கணவர் திருகைத் திறந்து மூட வேண்டும். (பெயர் வீட்டுக்காரருக்கு, பாதி வேலை வீட்டுக்காரிக்கு!)

முதல் தடவை கைதேர்ந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதே புத்திசாலித்தனம். கூலி கொடுத்தால் குறைந்து போய்விட மாட்டார்கள். மெக்கானிக்குகளும் கழற்றிய பிஸ்டனைக் கண்ணில் காட்டிவிட்டுப் பணம் கேட்கட்டும். காட்ட மறுக்கிற இடத்துக்கு ஏன் போக வேண்டும்?

வேலை முடிந்ததும் பெடல் கெட்டியாக நிற்கும்வரை மிதித்துப் பார்க்க வேண்டும். ஆயில் கசிகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். பிறகு காலி மைதானத்தில், நடை வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். அன்று குழந்தைகளை வண்டியில் ஏற்ற வேண்டாம்.