'சம்பவம்' என்றே எழுதச் சொல்லும் நண்பர்களுக்கு

சென்ற வாரம் ஒரு மொழிபெயர்ப்புப் பட்டறையில், 'மஞ்சூரியச் சம்பவம்' என்ற தொடரை 'மஞ்சூரியப் படையெடுப்பு' என மாற்ற வேண்டும் என்றேன். "மூலத்தில் உள்ளதைத் திருத்த நமக்கு என்ன உரிமை? மொழியியல்காரர்கள் வரலாற்றுக்குள் வர வேண்டாம்" என்றார் மூத்தவர் ஒருவர். அவை சிரித்தது. விடை சொல்ல அங்கே நேரமில்லை என்றார்கள். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஒரு வண்டியிலிருந்து தொடங்கலாம். 1932இல் ஜப்பானியத் தரைப்படை ஏற்றுக்கொண்ட '92ஆம் வகைக் கனரகக் கவச வண்டி' அது. (92 என்பது ஜப்பானியப் பேரரசு ஆண்டான 2592இன் கடைசி இரண்டு இலக்கங்கள். புராணப் பேரரசர் ஜிம்மு கி.மு. 660இல் அரியணை ஏறினார் என்ற நம்பிக்கையிலிருந்து வரும் கணக்கு.) அதன் படத்தைப் பாருங்கள். சக்கரமில்லை, இரும்புப் பட்டைகளின் மேல் உருள்கிறது. சுழல் கோபுரமும் இயந்திரத் துப்பாக்கியும் உண்டு. மூன்று பேர் இயக்குவது. எடை ஏறத்தாழ மூன்றரை டன். கவசத்தின் கனம் மிஞ்சிப்போனால் 6 மில்லிமீட்டர். 'கனரக' என்ற அடைமொழியே வேடிக்கைதான். எவரும் அதைச் சிறு டாங்கி என்றே சொல்வர். ஆனால் டாங்கிக்குரிய ஜப்பானியச் சொல்லான 'சென்ஷா', அதாவது போர்வண்டி, காலாட்படையின் சொத்து. இதுவோ குதிரைப்படைக்காகச் செய்யப்பட்டது. எனவே இது 'சோகோஷா', கவச வண்டி ஆயிற்று. இதில் சதி ஒன்றுமில்லை. வெறும் துறைச் சண்டை. ஆயினும் அதிகாரப்பூர்வப் பெயர் எதைக் காட்டுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியாது. அது பெயரிட்டவனின் வசதியைக் காட்டுகிறது.

இப்போது 'ஜிஹென்', அதாவது சம்பவம் என்னும் சொல்லுக்கு வருவோம். 1931 செப்டம்பர் 18 இரவு, முக்டென் அருகே தென் மஞ்சூரிய இருப்புப்பாதையில் குவாண்டுங் படையின் அதிகாரிகளே வெடி வைத்துவிட்டுப் பழியைச் சீனர்மீது போட்டனர். சேதம் அற்பம், சற்று நேரத்தில் ஒரு ரயில் அவ்வழியே கடந்தும் சென்றது. 1932 மார்ச்சில் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசு பிறந்தது. இது ஜிஹென். அதே ஆண்டு ஷாங்காயில் நடந்ததும் ஜிஹென். 1937இல் சீனாவெங்கும் மூண்டதும் ஜிஹென். போர் என்று அறிவித்திருந்தால் அமெரிக்காவின் நடுநிலைச் சட்டம் பாய்ந்து தளவாட வரத்து நின்றிருக்கும். டோக்கியோ அந்தச் சொல்லைத் தவிர்த்ததற்கு இது முக்கியக் காரணம்.

'காவல்' என்ற சொல்லையும் கவனியுங்கள். 1905 போர்ட்ஸ்மத் உடன்படிக்கைக்குப்பின் ஜப்பானியப் படை மஞ்சூரியாவில் நின்றது இருப்புப்பாதைக் காவல் என்ற பெயரில்தான். அங்கே ஓடிய 'சுமிதா' என்ற ஆறு சக்கரக் கவச வண்டியின் ரப்பர் சக்கரங்களைக் கழற்றி, விளிம்புள்ள எஃகு வளையங்களை மாட்டினால் தண்டவாளத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும். திரும்ப மாற்றினால் சாலையில் 40. (இதன் வகை எண் 91ஆ, 93ஆ என்பதில் நூலுக்கு நூல் குழப்பம்.) பாதையைக் காக்க வந்ததாகச் சொன்ன படைக்கு, பாதையை விட்டு இறங்கும் வண்டி தேவைப்பட்டது.

மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். ஆவணத்தின் தலைப்பில் 'சம்பவம்' இருந்தால் மேற்கோள் குறிக்குள் அப்படியே இருக்கட்டும். போர் முறைப்படி அறிவிக்கப்படவில்லை என்பதும் உண்மையே. சீனாவும் 1941 டிசம்பர்வரை அறிவிக்கவில்லை. அதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஆசிரியர் தம் சொந்தக் குரலில் ஏன் குவாண்டுங் படையின் சொல்லைப் பேச வேண்டும்? ஒரு மாணவி 1857ஐப் பிரிட்டிஷ் ஆவணம் சொல்கிறபடியே 'சிப்பாய்க் கலகம்' என எழுதினால் இதே மூத்தவர் சிவப்பு மையால் அடித்திருப்பார். அப்போது மூலம் நினைவுக்கு வராது. ஜப்பானிலேயே சுருமி ஷுன்சுகே 1956இல் 'பதினைந்தாண்டுப் போர்' என்ற பெயரை முன்வைத்தார். நாம் ஜப்பானியரைவிட அவர்களுடைய பழைய இராணுவத்துக்கு விசுவாசமாயிருக்கிறோம்.

இது தொலைதூரக் கதையும் அன்று. 1932இல் ஷாங்காய்த் தெருக்களில் ஜப்பானியக் கடற்படையினர் ஓட்டிய 'விக்கர்ஸ் கிராஸ்லி' கவச வண்டிகள் பிரிட்டனில் செய்யப்பட்டவை; கவிழ்த்த கிண்ணம் போன்ற கோபுரம், இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள். பிரிட்டிஷ் இந்தியாவுக்கெனச் செய்யப்பட்ட கிராஸ்லி வண்டிகளின் நெருங்கிய உறவு அது. 1919இல் ஜாலியன்வாலா பாக்கின் சந்து குறுகலாயிருந்ததால் டயரின் இரண்டு கவச வண்டிகள் வெளியே நின்றன. 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைவீதியில் அந்தத் தடை இல்லை, கூட்டத்தின்மீதே ஏறின. அதற்கும் அரசு வைத்த பெயர்கள் 'கலவரம்', 'அமைதி காத்தல்'. அந்தப் பெயர்களை நாம் ஏற்றோமா?

பிரதி திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்கிறார்கள். தலைப்பை மாற்ற மனமில்லையென்றால், 'சம்பவம்' என்று வரும் முதல் இடத்திலாவது இது யார் இட்ட பெயர் என்று ஓர் அடிக்குறிப்பு இடுங்கள். நான்கு வரி போதும். நானே எழுதித் தருகிறேன்.