கொசுவம் மடிக்க முடிகிறதா?



போன மாதம் பெரியம்மாவுக்குத் துணையாக மருத்துவரிடம் போயிருந்தேன். அவருக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம். எங்கள் ஊர்ப் பக்கம் சரவாங்கி என்பார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் அழற்சியைக் காட்டும் எண்ணைப் பார்த்தார். "இ.எஸ்.ஆர். நல்லாவே இறங்கியிருக்கே! எப்படிம்மா இருக்கீங்க?"

"இருக்கேன் டாக்டர். பரவாயில்லை."

அவ்வளவுதான். அதே மாத்திரை, மூன்று மாதம் கழித்து வாருங்கள். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அன்று விடியற்காலை வீட்டில் நான் பார்த்தது வேறு. விரல்கள் மடங்காததால், காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஏந்திக் குடித்தார். குழாயின் திருகில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார். புடவை கட்ட ஆரம்பித்தவர் கொசுவத்தில் வந்து நின்றுவிட்டார். நாலு மடிப்பு சேரும், ஐந்தாவது நழுவும். மூன்றாம் தடவை, "நீ வந்து பிடிடீ" என்றார். நான் மடித்துக் கொடுக்க, அவர் செருகிக்கொண்டார். வீட்டில் எப்போதும் நைட்டியிலேயே இருப்பது எதனால் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் வெயில்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு டாக்டர் முன்னால் உட்காரும்போது விரல்கள் ஓரளவு இளகிவிட்டிருந்தன. காலை இறுக்கம் அந்த அறை வரைக்கும் வருவதில்லை.

கொசுவத்துக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. கேள்வித்தாள் உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஃப்ரைஸ் என்ற மூட்டுநோய் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980-ல் அப்படி ஒன்றை வெளியிட்டார்கள். கடந்த ஒரு வாரத்தில் இன்னின்ன வேலைகளைச் செய்ய முடிந்ததா என்று 20 கேள்விகள். சிரமமே இல்லை என்றால் 0, கொஞ்சம் சிரமம் 1, ரொம்பச் சிரமம் 2, முடியவே இல்லை 3. பதிலை எழுத வேண்டியவர் நோயாளிதான். நாற்பது பேர் காத்திருக்கும் வராந்தாவிலேயே எழுதிவிடலாம்.

அதை அப்படியே பெரியம்மா கையில் கொடுத்தால் என்ன ஆகும்? புது பால் அட்டைப்பெட்டியைத் திறக்க முடிகிறதா, இறைச்சியை நறுக்க முடிகிறதா, தொட்டியில் இறங்கிக் குளிக்க முடிகிறதா என்றெல்லாம் கேட்கும். ஆவின் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்துத் திறக்கும் சைவ வீடு எங்களுடையது. குளியல் தொட்டியை அவர் சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்.

நல்லவேளையாக, இந்தியாவுக்கென்று மாற்றி, நம் நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்த வடிவம் ஒன்று 2002-ல் வந்துவிட்டது. 12 கேள்விகள். படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் நெகிழ்ச்சியும். புடவையோ வேட்டியோ கட்டிக்கொள்ள முடிகிறதா? சம்மணம் போட்டு உட்காரவோ, கழிவறையில் குந்தவோ முடிகிறதா? குழாயைத் திறந்து மூட? ஆட்டோவில் ஏறி இறங்க? மூன்று கிலோமீட்டர் நடக்க? காய்கறிச் சந்தைக்குப் போய்வர? நம் ஆட்களுக்குப் பொழுது எப்படி விடிந்து எப்படிச் சாய்கிறது என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

யோசிக்காமல் விட்ட கதையும் உண்டு. முதியவர்களுக்காக அமெரிக்காவில் லாட்டன், பிராடி என்ற இருவர் 1969-ல் ஒரு பட்டியல் போட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்து எடுத்துக்கொள்வது, பணம் கையாள்வது என்று எட்டு. அந்தக் காலத்தில் பெண்களை எட்டுக்கும் மதிப்பிட்டார்கள், ஆண்களை ஐந்துக்குத்தான். சமையல், வீட்டு வேலை, துவைப்பது மூன்றிலும் ஆண்களுக்கு விலக்கு! இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். "சரியாத்தானே போட்டிருக்கான்" என்றார். பெரியம்மா முறைத்த முறைப்பை எந்த அளவுகோலிலும் ஏற்ற முடியாது.

பக்கவாதம் வந்தவர்களுக்கு இன்றும் பயன்படும் பார்த்தெல் அளவுகோல் 1965-ல் வந்தது. சாப்பிடுவது, குளிப்பது, படி ஏறுவது என்று பத்து விஷயங்கள், மொத்தம் 100 மதிப்பெண். நூற்றுக்கு நூறு வாங்கினாலும் அவர் தனியாகக் குடித்தனம் நடத்திவிடுவார் என்று பொருளில்லை, சமைக்க முடியாமல் இருக்கலாம் என்று அதை உருவாக்கியவர்களே அன்றே எழுதிவைத்தார்கள். மதிப்பெண் பைத்தியம் பிடித்த நமக்கு அந்த நேர்மை கொஞ்சம் ஆச்சரியம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த 12 கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். காய்கறிச் சந்தை வந்ததும் பெரியப்பா முந்திக்கொண்டார். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை. 0 போடு."

"3 போடு" என்றார் பெரியம்மா.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "நாலு வருஷமா மார்க்கெட் பக்கம் போகலை. இவர் வாங்கிட்டு வர்ற கத்திரிக்காயெல்லாம் சொத்தை. நானே குவியல்ல கைவிட்டுப் பொறுக்கி வாங்கணும்னு இருக்கு."

பெரியப்பா பேப்பரை மடித்து வைத்தார். சொத்தைக் கத்திரிக்காய் அவருக்கும் புதுச் செய்திதான்.

உங்கள் வீட்டிலும் சர்க்கரை, மூட்டுவலி, பக்கவாதம், மூச்சிரைப்பு என்று வருடக்கணக்காக ஏதோ ஒன்றோடு குடித்தனம் நடத்துபவர் இருப்பார். விடியற்காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பட்டியலில் இல்லாத கேள்வி ஏதாவது அவரிடமிருந்து வந்தால் எங்களுக்கு எழுதுங்கள், வெளியிடுவோம்.

பெரியம்மா 13-வதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார். பேனாவை முஷ்டியில் பிடித்து அவரே எழுதியது, எழுத்து சாய்ந்து சாய்ந்து போகிறது: 'பேத்திக்குப் பின்னல் போட முடிகிறதா?' எதிரே 2. அடுத்த முறை டாக்டரிடம் காட்ட, தாளை மடித்து மாத்திரைப் பையில் வைத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்