ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, இங்கிலாந்தில் வருஷத்துக்கு 11 லட்சம்... படிப்புச் செலவை உண்மையில் யார் கட்டுறாங்க?

ஜெர்மனியும் பிரிட்டனும் பணக்கார நாடுகள்தான். ஆனால் ஜெர்மனியின் அரசு பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. இங்கிலாந்தில் உள்ளூர் மாணவருக்கே 2025-26 கல்வியாண்டின் உச்சக் கட்டணம் 9,535 பவுண்டு. நம்ம பணத்தில் சுமார் 11 லட்சம் ரூபாய். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இங்கிலாந்தில் ஃபீஸ் எப்படி ஏறியது?

1998 வரை அங்கேயும் இலவசம்தான். டோனி பிளேர் அரசு அந்த ஆண்டு 1,000 பவுண்டு கட்டணம் கொண்டு வந்தது. 2006-ல் அது 3,000 ஆனது. 2012-ல் ஒரேயடியாக 9,000. கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று வாக்குறுதி கொடுத்த லிபரல் டெமாக்ரட்ஸ் கட்சி, கூட்டணி அரசில் சேர்ந்ததும் அதற்கு உடன்பட்டது. 2015 தேர்தலில் 57 இடங்களில் இருந்து 8 இடங்களுக்குச் சரிந்தது.

அதே பிரிட்டனில் உள்ள ஸ்காட்லாந்தில், ஸ்காட்டிஷ் மாணவர்களுக்கு இன்னும் முதல் பட்டப்படிப்பு இலவசம்தான்.

ஜெர்மனியில் என்ன நடந்தது?

அங்கே உயர்கல்வி மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. கட்டணத்துக்கு இருந்த தடையை 2005-ல் அரசியல் சாசன நீதிமன்றம் நீக்கியதும், சில மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வசூலிக்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், தேர்தல்களிலும் இது எதிரொலித்தது. ஒவ்வொரு மாநிலமாகப் பின்வாங்கி, கடைசியாக 2014-ல் லோயர் சாக்சனியும் கட்டணத்தைக் கைவிட்டது.

அப்போ இங்கிலாந்து அரசுக்கு செலவே இல்லையா?

இருக்கு. இங்கேதான் விஷயமே. பெரும்பாலான மாணவர்கள் ஃபீஸைக் கையில் இருந்து கட்டுவதில்லை. அரசே கடன் கொடுத்துக் கட்டுகிறது. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் திருப்பிக் கட்ட வேண்டும். 30,000 பவுண்டு சம்பளம் என்றால் வருஷத்துக்கு 450 பவுண்டு. 40 வருஷம் ஆகியும் மிச்சம் இருந்தால் கடன் தள்ளுபடி.

அந்தத் தள்ளுபடியைச் சுமப்பது வரி கட்டுபவர்கள்தான். ஆனால் ரொம்ப நாள் இது பட்ஜெட் பற்றாக்குறையில் தெரியவே இல்லை. திரும்பி வராது என்று கணிக்கப்படும் பங்கை, கடன் கொடுக்கும்போதே அரசு செலவாகக் காட்டும் முறைக்கு 2019-ல்தான் பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் மாறியது. 2024 மார்ச் நிலவரப்படி, இங்கிலாந்தில் நிலுவையில் உள்ள மாணவர் கடன் சுமார் 23,600 கோடி பவுண்டு.

அதனால் 'எந்த அரசு எவ்வளவு செலவு செய்யுது' என்ற பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஜெர்மனி இன்றைக்கே வரிப்பணத்தில் கொடுக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பங்கை மாணவர் பிற்காலச் சம்பளத்தில் கட்டுகிறார், அவரால் முடியாததை அரசு பல வருஷம் கழித்து ஏற்கிறது.

இலவசம்னா எல்லாருக்கும் சீட்டா?

இல்லை. 25 முதல் 34 வயதுக்காரர்களில் உயர்கல்வி முடித்தவர்கள் பிரிட்டனில் பாதிக்கும் மேல். ஜெர்மனியில் 40 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே பல இளைஞர்கள் கம்பெனியில் வேலையும் தொழிற்பள்ளியில் படிப்பும் சேர்ந்த பயிற்சிக்குப் போகிறார்கள். மருத்துவம் போன்ற படிப்புகளில் சீட்டுக்குக் கடும் போட்டி. மாநிலத்திடம் பணம் குறைந்தால் பல்கலைக்கழகத்துக்கும் அடி விழும். பெர்லினில் 2025-ல் அப்படித்தான் நிதி வெட்டப்பட்டது.

இங்கிலாந்தில் மாணவர் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு 2015-ல் நீக்கப்பட்டது. ஆனால் உள்ளூர் கட்டணம் 2017 முதல் 9,250 பவுண்டிலேயே எட்டு வருஷம் நின்றது, விலைவாசி ஏறியது. அந்தப் பள்ளத்தை நிரப்ப, உச்சவரம்பே இல்லாத வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைப் பல்கலைக்கழகங்கள் நம்பியிருக்கின்றன.

நம்ம மாணவர்களுக்கு இதில் என்ன?

இந்தியாவில் இருந்து பிரிட்டன் போகும் மாணவர், அந்தப் பள்ளத்தை நிரப்புகிறவர்களில் ஒருவர். அங்குள்ள அரசுக் கடன் அவருக்குக் கிடையாது, ஊரில் வாங்கும் வங்கிக் கடன்தான்.

ஜெர்மனியில் 2023-24-ல் 49,000-க்கும் அதிகமான இந்திய மாணவர்கள் படித்தார்கள். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம். ஆனால் அங்கேயும் செலவு உண்டு. விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுண்ட்'டில் ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். பேடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வசூலிக்கிறது. ஆகவே 'ஜெர்மனின்னா ஃப்ரீ' என்று முடிவு செய்வதற்கு முன், எந்த மாநிலம், எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்த்துவிடுவது நல்லது.