வானிலும் வேண்டும் வரையறை

2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமான நிலையங்களில் பயணிகள் பட்ட அவதியை நாடு எளிதில் மறந்துவிட முடியாது. இண்டிகோ நிறுவனம் சில நாள்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. டிசம்பர் 5-ஆம் தேதி மட்டும் ரத்தானவை ஆயிரத்துக்கும் அதிகம். பிற நிறுவனங்களின் கட்டணம் பல மடங்கு எகிறியது. மறுநாள்தான் மத்திய அரசு தலையிட்டு, 500 கி.மீ. வரை ரூ.7,500, 1,500 கி.மீ.க்கு மேல் ரூ.18,000 எனத் தற்காலிக உச்சவரம்பு விதித்தது. இது வெள்ளம் வந்த பிறகு அணை கட்டும் முயற்சி.

1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசுடைமையாக்கப்பட்ட விமானத் துறை, அச்சட்டம் 1994-இல் நீக்கப்பட்டபோது தனியாருக்கு முழுமையாகத் திறந்துவிடப்பட்டது. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. போட்டியால் கட்டணம் குறைந்தது; நடுத்தர மக்களும் விமானம் ஏறினர். பழைய ஏகபோகத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கோரவில்லை.

ஆனால், கட்டணச் சுதந்திரத்துக்கு அடிப்படை போட்டி. அந்த அடிப்படையே இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019-லும், கோ ஃபர்ஸ்ட் 2023-லும் பறப்பதை நிறுத்தின. விஸ்தாரா 2024-இல் ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விளைவு, 2025-இல் உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தனர். அரசு ஏகபோகம் போய், தனியார் ஆதிக்கம் வந்திருக்கிறது.

இந்த ஆதிக்கத்தின் ஆபத்து கட்டணத்தோடு நிற்பதில்லை. விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தி, இரவுநேரத் தரையிறக்கங்களைக் குறைக்கும் விதிகள் 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டன. ஆயத்தமாகப் போதிய அவகாசம் இருந்தது. இருந்தும், நெருக்கடி முற்றியதும் இரவுப் பணி விதிகளிலிருந்து இண்டிகோவுக்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது. விமானியின் ஓய்வு என்பது பயணியின் உயிர்ப் பாதுகாப்பு. ஒரு நிறுவனம் முடங்கினால் நாடே முடங்கும் என்ற நிலையில், விதியை வளைப்பதைத் தவிர அரசுக்கு வேறு வழி இல்லாமல் போனது.

உச்சவரம்பு விதித்தால் நிறுவனங்கள் நொடித்துவிடும் என்ற வாதத்தையும் புறந்தள்ள இயலாது. எரிபொருள் மீதான மாநில வரிகள் அவற்றுக்குப் பெருஞ்சுமை. தவிர, 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை விதிக்கப்பட்ட கட்டண வரம்பில் குறைந்தபட்சக் கட்டணமும் நிர்ணயிக்கப்பட்டதால், மலிவாகப் பயணச்சீட்டு விற்பதற்கும் தடை ஏற்பட்டது. எனவே, ஒவ்வொரு பயணச்சீட்டின் விலையையும் அமைச்சகம் தீர்மானிப்பது தீர்வாகாது.

தேவை, நிலையான ஒழுங்குமுறை. வழித்தடவாரியாகக் கட்டண உச்சவரம்பும், அதைக் கண்காணிக்கத் தனி அமைப்பும் வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2024-லேயே பரிந்துரைத்தது. விமான நிலையக் கட்டணங்களை முறைப்படுத்த 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி தனி ஆணையம் இருக்கிறது. பயணி செலுத்தும் கட்டணத்துக்கு மட்டும் அது ஏன் கூடாது? போட்டி உள்ள தடத்தில் சந்தை தீர்மானிக்கட்டும்; போட்டியில்லாத தடத்திலும், பேரிடர், பெருமளவு ரத்து போன்ற வேளைகளிலும் உச்சவரம்பு தானாகவே நடைமுறைக்கு வரட்டும்.

விமானங்களை இயக்குவது அரசின் வேலையல்ல. ஆனால், விமானப் பயணி நட்டாற்றில் விடப்படாமல் காப்பது அரசின் கடமை. அக்கடமையை அடுத்த நெருக்கடி வரை ஒத்திவைக்கக் கூடாது.