இடம் கிடைத்தால் போதுமா?

பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்ற செய்தி வரும் நாளில் தமிழர் வீட்டில் பொங்கும் மகிழ்ச்சிக்கு அளவில்லை. உற்றார்க்கு இனிப்பு வழங்கப்படுகிறது. கோயிலில் அர்ச்சனை நடக்கிறது. தந்தையின் ஊழியர் சேமநிதியிலிருந்து முதல் தவணைக் கட்டணம் புறப்படுகிறது. அந்த இடத்திலிருந்து பட்டம் வரை செல்லும் வழி எது, அவ்வழியில் எத்தனை படிகள், எந்தப் படிக்கு எந்தப் படி முந்தியது என்று கேட்பார் மட்டும் இல்லை. கேட்கப்படாத அக்கேள்விக்கு விடை மூன்றாண்டு கழித்து வருகிறது. அப்போது அது விடையாக வருவதில்லை. கடன் சீட்டாக வருகிறது.

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் நேரே சேரும் மாணவனுக்கு இத்துன்பம் குறைவு. அவனுக்குரிய பாட வரிசையை அப்பல்கலைக்கழகமே வகுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடிக்கும் மாணவனின் நிலையே இரங்கத்தக்கது. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குச் செல்பவனும், உள்நாட்டுத் தனியார் கல்லூரியில் அமெரிக்கப் பாடத்திட்டத்தை ஈராண்டு பயின்றபின் அந்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுபவனும் இவ்வகையினர். பொறியியலையும் கணினி அறிவியலையும் நாடிச் செல்லும் தமிழ் மாணவர் பலர் இவ்வழியே ஏறுகின்றனர். ஏறுகின்றவர்க்கு வழிகாட்டி எங்கே?

ஒரு வழி பிறந்த கதை

இந்த மாற்றுவழி பொழுதுபோக்காகப் பிறந்ததன்று. உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் குறுகியிருந்தது. 1980ஆம் ஆண்டிலிருந்து பிரிட்டன் அயல்நாட்டு மாணவர்மீது முழுச் செலவுக் கட்டணத்தைச் சுமத்தியது. படிப்பின் முற்பகுதியை உள்நாட்டிலும் பிற்பகுதியை வெளிநாட்டிலும் முடிக்கும் திட்டங்கள் அப்பத்தாண்டில் மலேசியாவில் வேரூன்றின. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிலையச் சட்டம் அவற்றுக்கு ஒழுங்கு தந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் பட்டம் எட்டும் தொலைவுக்கு வந்தது இத்திட்டங்களால்தான். இந்நன்மையை மறுப்பது நன்றி மறந்த செயலாகும். ஆனால், நன்மை செய்த ஒன்று தீமையே செய்யாது என்று யார் சொன்னது?

எண்ணிக்கை என்னும் மயக்கம்

கல்லூரிகளின் விளம்பரத் தாள்களில் பளிச்சென்று தெரிவது ஓர் எண். "இங்குப் படிக்கும் 60 கிரெடிட்டுகளும் மாற்றத்தக்கவை" என்று அத்தாள்கள் பறைசாற்றுகின்றன. அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 வரை தேவை. எனவே 60 கிரெடிட்டு என்றால் பாதித் தொலைவு கடந்தாயிற்று என்று பெற்றோர் கணக்கிடுகின்றனர். கூட்டல் கணக்கு சரிதான். பொறியியல் பட்டமோ கூட்டலால் ஆவதன்று.

பொறியியற் பாடங்கள் ஒன்றன் தோள்மீது ஒன்று ஏறி நிற்பவை. அமெரிக்க முறையில் நுண்கணிதம் பெரும்பாலும் மூன்று பருவங்களில் பரவியுள்ளது. அதன் பின்னரே வகைக்கெழுச் சமன்பாடுகள். ஆக, கணிதத்துக்கு மட்டும் நான்கு பருவங்கள். நுண்கணிதத்தைப் பற்றிக்கொண்டு இயற்பியல் ஏறுகிறது. இயற்பியலைப் பற்றிக்கொண்டு நிலையியலும், அதன்மீது இயக்கவியலும் ஏறுகின்றன. மின்பொறியியலில் மின்சுற்றுப் பாடம் இதே வரிசையில் காத்து நிற்கிறது. கணினி அறிவியலிலும் இதே கதைதான். நிரலாக்கத்தின் மேல் தரவுக் கட்டமைப்பு. அதனோடு தனிநிலைக் கணிதமும் சேர்ந்த பிறகே படிமுறைகளைப் பற்றிய பாடம். அடிப்படி இல்லாமல் மேற்படியில் கால் வைக்க எந்தத் துறையும் இசைவதில்லை.

முதற்பருவத்தில் நுண்கணிதத்தைத் தொடாமல் ஆங்கிலம், உளவியல், பொருளியல், வரலாறு என்று எடுத்துக்கொள்ளும் ஒரு மாணவனை எண்ணிப் பார்க்கலாம். "முதலில் எளியவற்றை முடித்துவிடு" என்பது அவனுக்குக் கிடைத்த அறிவுரை. இரண்டாண்டு முடிவில் 60 கிரெடிட்டுகள் அவன் கையில் இருக்கும். பல்கலைக்கழகம் அத்தனையையும் ஏற்றுக்கொள்ளவும் கூடும். ஆனால் அவற்றுள் பல "பொது விருப்பப் பாடம்" என்னும் பெட்டியில் போய் விழும். ஏற்றுக்கொள்ளப்படுவது வேறு, பட்டத்தில் ஓர் இடத்தை நிரப்புவது வேறு. பொறியியல் துறையின் வாயிலில் அவன் ஏறக்குறைய முதலாண்டு மாணவனாகவே நிற்பான். சில மேற்பாடங்கள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டுமே நடத்தப்படுவதால், ஒரு முன்பாடத்தைத் தவறவிட்டவன் ஓராண்டே காத்திருக்க நேரும்.

எளியவற்றை முதலில் முடிப்பதில் மற்றொரு கேடும் உண்டு. மாறிச் சென்ற பின் எஞ்சியிருப்பவை கடினமான பாடங்கள் மட்டுமே. புதிய நாடு, புதிய குளிர், புதிய ஆசிரியர். அவற்றோடு ஒரே பருவத்தில் நான்கு கடும்பாடங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மாற்றப்பட்ட பாடத்தின் கிரெடிட்டு வருமேயன்றி அதன் புள்ளி வருவதில்லை. முந்தைய கல்லூரியில் பெற்ற உயர்ந்த புள்ளி அவனைத் தாங்காது. இரண்டொரு பொதுப் பாடங்களைப் பிற்பகுதிக்கென்று ஒதுக்கி வைத்திருந்தால் மூச்சுவிட இடம் இருந்திருக்கும். இச்சிறு சூழ்ச்சியை அவனுக்குச் சொல்லித் தந்தவர் யார்?

விலக்கு வரமா?

டிப்ளோமா முடித்துச் செல்பவனின் இடர் இதற்கு நேர்மாறானது. அவனுக்குப் பாட விலக்கு அளிக்கப்படுகிறது. விலக்கு எத்துணை மிகுதியோ அத்துணை ஆதாயம் என்று வீடே மகிழ்கிறது. டிப்ளோமாக் கல்வி கைத்திறனுக்கு முதலிடம் தருவது. பட்டப்படிப்பு கணிதக் கோட்பாட்டைக் கடுமையாகக் கேட்பது. முதலாண்டுக் கணிதத்தில் விலக்குப் பெற்று இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் போய் அமர்பவன், கேட்காத பாட்டுக்குத் தாளம் போட வேண்டியவனாகிறான். அவன் தோற்றால் அறிவில்லாதவன் என்று ஊர் தூற்றுகிறது. அடித்தளம் இடாமலே மேல்மாடி கட்டச் சொன்னவர்களை எவரும் தூற்றுவதில்லை. கிடைத்த விலக்கில் ஒன்றை வேண்டாம் என்று மறுத்து, அப்பாடத்தை மீண்டும் படிப்பதும் அறிவுடைமையே. அதைச் சொல்லும் துணிவு கல்விக் கருத்தரங்குகளுக்கு வரவேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. பொறியியல் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் ஒன்றல்ல. 1989இல் உருவான வாஷிங்டன் உடன்பாடு முன்னதற்குரியது. மலேசியா 2009இல் அதில் முழு உறுப்பு நாடாயிற்று. பின்னதற்குரியது சிட்னி உடன்பாடு. இரண்டுமே மதிப்புக்குரியவை, ஆயினும் அவை சென்று சேர்க்கும் பதிவும் பணியும் வேறு. அன்றியும், அமெரிக்காவின் அபெட் அமைப்பு தரச்சான்று வழங்குவது தனித்தனிப் பாடத்திட்டங்களுக்கே, பல்கலைக்கழகத்தின் பெயருக்கன்று. பெரும்பெயர் பெற்ற பல்கலைக்கழகத்திலும் சான்று பெறாத ஒரு திட்டம் இருக்கலாம். பெயர்ப்பலகையைக் கண்டு சேர்ந்தவன் பிறகு யாரிடம் முறையிடுவான்?

பழி யாருக்கு?

"பதினெட்டு வயது நிரம்பியவன் தன் பாடங்களைத் தானே திட்டமிட வேண்டாமா?" என்று கேட்பாருண்டு. வேண்டும்; ஐயமில்லை. ஆனால் திட்டமிடுவதற்குரிய செய்தி அவன் கையில் இருக்கிறதா? எந்தப் பாடம் எந்தப் பாடத்துக்கு நிகர் என்னும் பட்டியல் இரு நிறுவனங்களின் கோப்புகளில் கிடக்கிறது; அல்லது அவன் போய்ச் சேர்ந்த பிறகே தயாராகிறது. விளக்கை மறைத்து வைத்துவிட்டு, இருளில் இடறியவனைக் குருடன் என்பது என்ன நீதி?

"தரத்தைக் காக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இல்லையா?" என்பது அடுத்த கேள்வி. அவ்வுரிமை மறுக்க முடியாதது. பாலம் கட்டப் போகிறவன் நிலையியலை அரைகுறையாகப் படித்திருக்கக் கூடாது. ஒரு பாடத்தை ஏற்க மறுப்பது குற்றமன்று. மறுக்கப்படும் என்பதைக் கட்டணம் வாங்கு முன்னே சொல்லாமல் இருப்பதே குற்றம்.

இது செய்ய முடியாத காரியமுமன்று. கலிபோர்னியாவில் எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் அம்மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடமாக ஏற்கப்படும் என்பதை "அசிஸ்ட்" என்னும் பொதுப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிக் காணலாம். புளோரிடாவில் அரசுக் கல்லூரிகளின் பாடங்கள் பொதுவான எண் முறையில் அமைந்துள்ளன. அங்கும் இடர்கள் முற்றும் தீர்ந்துவிடவில்லை. எனினும் மாணவன் படிக்குமுன் பார்க்க முடிகிறது. மலேசியாவில் 2007ஆம் ஆண்டிலிருந்து எம்.கியூ.ஏ. என்னும் தகுதி மதிப்பீட்டு அமைப்பு இயங்கி வருகிறது. அதன் பார்வையில், பாடத்துக்குப் பாடம் நிகர்காட்டும் முழுமையான பொதுப் பதிவேடு ஒன்று எழுவதற்கு எது தடை?

பொருள் இழப்பும் சிறிதன்று. 1997ஆம் ஆண்டின் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ இரண்டரை வெள்ளி. 1998 செப்டம்பரில் அரசு அதனை 3.80 வெள்ளி என நிலைப்படுத்தியது. ஓராண்டுக் கட்டணம் அப்படியே ஒன்றரை மடங்காயிற்று. நான்காண்டில் முடித்தவன் தப்பினான். பாட வரிசை தவறி ஐந்தாம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டவன் அச்சுமையை முழுதும் சுமந்தான். நாணயத்தின் வீழ்ச்சியை எந்தத் தந்தையாலும் தடுக்க முடியாது. ஐந்தாம் ஆண்டு வராமல் தடுக்க முடியும்.

செய்ய வேண்டியது

தமிழர் இயக்கங்கள் ஆண்டுதோறும் சிறந்த தேர்ச்சி பெற்றவர்க்குப் பரிசளிக்கின்றன, பொன்னாடை போர்த்துகின்றன. போற்றத்தக்க செயலே. அம்மேடையைக் கலைத்த பின், அதே மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு, முன்னர் மாறிச் சென்று பட்டம் பெற்ற பொறியாளரையும் கணினி வல்லுநரையும் அமர்த்தினால் என்ன? புறப்படப் போகும் பிள்ளை தன் பாடப்பட்டியலைக் கொண்டு வரட்டும். முடிக்கும் பல்கலைக்கழகத்தின் இறுதிப் பருவத்திலிருந்து பின்னோக்கிப் படிப்படியாக இறங்கி, முதற்பருவத்தில் எதை எடுக்க வேண்டும் என்பதை அவர்கள் குறித்துக் கொடுக்கட்டும். ஒரு மாலைப் பொழுதின் உழைப்பு ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருவாயைக் காக்கும்.

பெற்றோரும் கட்டணம் செலுத்துமுன் கேட்கட்டும்: எத்தனை கிரெடிட்டு என்றல்ல, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் என்று. விடை வாய்ச்சொல்லாக வந்தால் எழுத்தில் கேட்கட்டும். எழுதித் தர மறுக்கும் கல்லூரிக்குச் சேமநிதிப் பணத்தைத் தர மறுக்கட்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் முன்னோர். ஒரு தலைமுறையின் உழைப்பைப் போடும்போது அளக்காமல் போடலாமா?