பைதான் பூட்டைக் கழற்றுகிறது. எல்லைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவோம்?

பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமும் இடுக்கியின் மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு பக்கமும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வாய்த்திருக்கிறது. கேரளப் பள்ளிகளின் கணினிப் பாடநூல் மலையாளம், ஆங்கிலம், கன்னடத்தோடு தமிழிலும் வருகிறது. பள்ளிக் கணினிகளில் ஓடுவது மாநில அரசின் கைட் நிறுவனம் தரும் லினக்ஸ். உயர்நிலை வகுப்பிலேயே பிள்ளைகள் பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்தப் பைதான்தான் இப்போது அடிப்படையிலேயே மாறிக்கொண்டிருக்கிறது.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பல இழைகளாகப் பிரிப்பார்கள். கணினிக்காரர்கள் ‘த்ரெட்’ என்பது இதைத்தான். பைதானில் எத்தனை இழைகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைதான் கட்டளைகளை நிறைவேற்ற முடியும் என்று 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பொதுப் பூட்டு காவல் நின்றது. செயலியில் எட்டு கோர் இருந்தாலும் பைதான் கணக்குக்கு உழைத்தது ஒன்றுதான். சாம் கிராஸ் என்ற நிரலாளர் இந்தப் பூட்டை நீக்க வழி சொன்னார். 2023 அக்டோபரில் அது ஏற்கப்பட்டது. 2024 அக்டோபரில் வந்த பைதான் 3.13-இல் பூட்டில்லாத பதிப்பு சோதனைக்குக் கிடைத்தது. 2025 அக்டோபரில் வந்த 3.14-இல் அதற்கு முறையான ஆதரவும் கிடைத்துவிட்டது. வழக்கமான பதிப்பில் பூட்டு இன்னும் இருக்கிறது, ஆனால் போகும் திசை தெளிவு. இதுவரை அரிதாகத் தலைகாட்டிய பிழைகள் இனி அடிக்கடி வரும். அவற்றைத் தடுக்கும் பொறுப்பு நிரல் எழுதுகிறவருடையது.

என்ன பிழை? மூணாறு பிள்ளைக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பை இருக்கிறது. பறிக்கும்போது ஒருவர் கை இன்னொருவர் பைக்குள் போவதில்லை. யாரும் யாருக்காகவும் காத்திருப்பதும் இல்லை. எடை போடும் இடத்துக்கு வந்ததும்தான் கணக்கு ஒன்றாகிறது. ஒரே மொத்தக் கணக்கை இரண்டு பேர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே நொடியில் 340 கிலோ என்று படிக்கிறார்கள். ஒருவர் 22 கூட்டி 362 என்று எழுதுகிறார். மற்றவர் தான் படித்த 340-உடன் 18 கூட்டி அதன்மேலேயே 358 என்று எழுதிவிடுகிறார். 380 இருக்க வேண்டிய இடத்தில் 22 கிலோ காணாமல் போகிறது. இருவருமே கூட்டலில் தவறவில்லை. ஒருவர் படித்து, கூட்டி, எழுதி முடிக்கும்வரை மற்றவர் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதுதான் பூட்டு. பறிப்பவரின் தனிப் பையே இழைக்குரிய சொந்தத் தரவு.

பெரும்பாலான பாடங்கள் பூட்டிலிருந்தே தொடங்குகின்றன. அந்த வரிசையை மாற்ற வேண்டும். ‘இந்தத் தரவைப் பலர் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டுமா?’ என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். சி மொழியின் வரலாறே இதற்குச் சான்று. அங்கே நேரத்தைப் பிரித்துச் சொல்லும் ‘லோக்கல்டைம்’ தன் விடையைப் பொதுவான ஓர் இடத்தில் வைக்கும். முதல் இழை படித்து முடிப்பதற்குள் இரண்டாவது இழை அதையே கேட்டால், பழைய விடையின்மேல் புதியது விழுந்துவிடும். பிழை எண்ணைச் சொல்லும் ‘எர்நோ’வும் ஒரு காலத்தில் நிரல் முழுவதற்கும் ஒன்றே. 1995-இல் வந்த போசிக்ஸ் இழைத் தரம் ஒவ்வோர் இழைக்கும் தனி ‘எர்நோ’ கொடுத்தது. அதோடு ஒரு சாவி முறையையும் தந்தது. சாவி எல்லோருக்கும் பொது, ஆனால் அதைக் கொண்டு எடுக்கும் மதிப்பு அந்தந்த இழைக்குச் சொந்தம். இழை முடியும்போது துப்புரவு செய்யவும் அதில் ஏற்பாடு உண்டு. பைதானும் 2004-இல் வந்த 2.4 பதிப்பிலேயே இழைக்குரிய சொந்தத் தரவு வசதியைச் சேர்த்துக்கொண்டது.

சொந்தத் தரவிலும் கவனம் வேண்டும். இணையச் சேவைகளில் ஒரே இழை ஒருவரின் வேலையை முடித்துவிட்டு அடுத்தவருக்குப் போகும். முந்தையவரின் விவரத்தை அழிக்காமல் விட்டால் அடுத்தவர் திரையில் அது தெரிந்துவிடும். பூட்டுக்கும் தனி ஆபத்து உண்டு: இரண்டு இழைகள் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்திருந்தால் இரண்டுமே அசையாது.

இவை பாடப்புத்தகக் கவலைகள் மட்டுமல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். அன்று ஒஹையோ மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் உறைந்துபோயிருந்தது. ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் எழுத முயன்றதுதான் அந்த உறைவுக்குக் காரணம். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. அவசரம் குறைந்த ஒரு வேலை பூட்டைப் பிடித்திருக்க, அவசர வேலை வெளியே காத்துக் கிடந்ததே காரணம். பொறியாளர்கள் பூமியிலிருந்தே ஓர் அமைப்பை மாற்றி அதைச் சரிசெய்தார்கள்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தை எல்லைப் பிள்ளைகள் முதன்முதலாகக் கல்லூரியில், ஆங்கிலத்தில், தேர்வுக்கு மனப்பாடமாகச் சந்திப்பது நியாயமில்லை. பத்தாம் வகுப்புவரை தமிழில் பைதான் படித்த பிள்ளைக்கு மேல்நிலையில் கணினிப் பாடம் ஆங்கிலமாகிவிடுகிறது. அந்தத் தாவலுக்கு முன்பே இதன் அடிப்படை மனதில் பதிந்திருக்க வேண்டும். பள்ளிகளில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினி மன்றங்கள் இருக்கின்றன. வாளையாறு எல்லையை ஒட்டிக் கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது. மூணாற்றில் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் தமிழ் மாணவர்கள் சனிக்கிழமைகளில் வந்து சொல்லித்தர முடியும். கைட் நிறுவனம் தமிழ்ப் பதிப்பில் ஒரே ஓர் அத்தியாயம் சேர்த்தால் போதும்.

அந்த அத்தியாயத்துக்கான பயிற்சியும் கடினமானதல்ல. பூட்டில்லாத பைதான் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டு இழைகள், ஒரு பொது எண்ணி; ஒவ்வோர் இழையும் அதில் ஒரு லட்சம் முறை ஒன்று கூட்ட வேண்டும். விடை இரண்டு லட்சம் வராமல் ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு எண் வருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். பிறகு பூட்டுப் போடட்டும்; விடை சரியாகும், வேகம் குறையும். கடைசியில் ஒவ்வோர் இழையும் தன் சொந்த எண்ணியில் கூட்டி, முடிவில் ஒரே ஒரு முறை இரண்டையும் சேர்க்கும்படி மாற்றி எழுதி, மூன்று முறைக்கும் ஆன நேரத்தைக் குறிப்பேட்டில் அருகருகே எழுதிப் பார்க்கட்டும்.