மாலை போடுகிறவர்கள் மறைக்கும் ராஜினாமா

ஏப்ரல் 14 வந்தால் சிவகங்கை மாவட்டத்தில் எல்லாக் கட்சிக் கரைவேட்டிகளும் அண்ணல் அம்பேத்கருக்கு மாலை போட வரிசையில் நிற்கின்றன. "சட்ட மேதை, முதல் சட்ட அமைச்சர்" என்று முழங்குகிறார்கள். அந்தப் பதவியை அவர் ஏன் உதறினார் என்று மட்டும் வாய் திறப்பதில்லை.

1951 செப்டம்பரில் அண்ணல் நேரு அமைச்சரவையிலிருந்து விலகினார். பெண்களுக்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டது ஒரு காரணம். பட்டியல் சாதியினர் மீதான கொடுமைகளை அரசு கண்டுகொள்ளாதது இன்னொரு காரணம். அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சட்டம் எழுதினால் மட்டும் போதாது என்பது அதை எழுதியவருக்கே தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியும். தேவகோட்டை அருகே கண்டதேவியில் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காக உயர் நீதிமன்றம் வரை போனோம். உத்தரவு கிடைத்தது. ஆனால் சட்டம் ஒழுங்கைக் காட்டிக் காட்டி, பல ஆண்டுகள் நின்ற தேர் 2024இல்தான் ஓடியது. 2018இல் கச்சநத்தத்தில் நம்மவர் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஓர் அமைச்சரும் பதவி விலகவில்லை.

தோழர்களே, அடுத்த முறை மாலையோடு வருபவர்களிடம் நாம் ஒன்றே ஒன்று கேட்போம்: அவர் எங்களுக்காகப் பதவியை விட்டார், நீங்கள் எதை விட்டீர்கள்?